டேட்டாபேஸ் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

"டேட்டாபேஸ் ரொம்ப ஸ்லோவா இருக்கு, கொஞ்சம் பாருங்க." இப்படி ஒரு வரிதான் வரும், அதற்கு மேல் ஒரு விவரமும் இருக்காது. பதற்றத்தில் கை முதலில் ரீஸ்டார்ட்டைத்தான் தேடும். அதை மட்டும் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்த நொடியே யார் யாருக்காகக் காத்திருந்தார்கள், எந்தக் குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வி அல்லது கட்டளை) எவ்வளவு நேரமாக ஓடியது என்கிற தடயமெல்லாம் அழிந்துவிடும். மெமரியில் ஏற்றி வைத்திருந்த பக்கங்களும் காலியாகிவிடுவதால், மறுபடி எழுந்த டேட்டாபேஸ் கொஞ்ச நேரத்துக்கு முன்பைவிட மெதுவாகவே ஓடும். காரணம் என்னவென்று தெரியாமலே போவதால் நாளை அதே செய்தி திரும்ப வரும்.

முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: டேட்டாபேஸ் வேலை செய்துகொண்டிருக்கிறதா, எதற்காகவோ காத்துக்கொண்டிருக்கிறதா? வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், திரை சுற்றிக்கொண்டே இருக்கும். வைத்தியம் மட்டும் வேறு வேறு. டேட்டாபேஸ் மென்பொருள் போஸ்ட்கிரெஸ் என்றால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற வியூவை, அதாவது டேபிள் போலப் படிக்கும் பட்டியலை, பாருங்கள். மைஎஸ்கியூஎல் என்றால் ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட் கட்டளை. எந்த இணைப்பு எந்தக் குவெரியில் நிற்கிறது, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பது அங்கே தெரியும். போஸ்ட்கிரெஸில் வெயிட்_ஈவென்ட்_டைப் என்ற புலத்தில் (டேபிளின் நெடுவரிசை) ‘லாக்’ (lock, பூட்டு) என்றிருந்தால் அந்த இணைப்பு காத்திருக்கிறது. அந்தப் புலம் காலியாக இருந்து நிலை ‘ஆக்டிவ்’ என்றிருந்தால் பெரும்பாலும் உழைத்துக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தே தீர வேண்டிய நிலை வந்தாலும், இந்த வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிட்டுச் செய்யுங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு குவெரி மட்டும் இழுக்கிறது

இது உழைக்கிற வகை. குவெரிக்கு முன்னால் எக்ஸ்ப்ளெயின் என்ற கட்டளையைப் போட்டுப் பாருங்கள். டேட்டாபேஸ் என்ன திட்டம் போட்டிருக்கிறது என்று காட்டும். எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் இன்னும் நல்லது, ஏனென்றால் திட்டத்தோடு நிஜத்தில் நடந்ததையும் சொல்லும். மைஎஸ்கியூஎல்லில் இது 8.0.18-இலிருந்து இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: போஸ்ட்கிரெஸில் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் குவெரியை உண்மையாகவே ஓட்டும். டெலீட்டுக்கு முன்னால் அதைப் போட்டால் பதிவுகள் நிஜமாகவே அழியும். பிகின் போட்டு ஒரு ட்ரான்ஸாக்‌ஷனைத் (சேர்ந்தே நிலைக்கும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு) தொடங்கி, எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் ஓட்டி, ரோல்பேக் செய்து எல்லாவற்றையும் ரத்தாக்குங்கள்.

திட்டத்தில் முதலில் கண் போக வேண்டிய இடம் நேரம் அல்ல, பதிவுகளின் எண்ணிக்கை. எத்தனை வரும் என்று டேட்டாபேஸ் எதிர்பார்த்தது, உண்மையில் எத்தனை வந்தது? 10 வரும் என்று நினைத்து 2,00,000 வந்திருந்தால் அது தேர்ந்தெடுத்த வழியே தவறாக இருக்கும். 10 பதிவுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் தேடுவது சரி. 2,00,000-க்கு அது தற்கொலை. இப்படிக் கணக்கு தப்புவதற்குப் பெரும்பாலும் காரணம், டேபிளில் என்ன இருக்கிறது என்று டேட்டாபேஸ் எடுத்து வைத்த புள்ளிவிவரம் பழையதாகிவிட்டது. போஸ்ட்கிரெஸின் இயல்பு அமைப்பில், ஒரு டேபிளில் ஏறக்குறைய 10 விழுக்காடு பதிவுகள் மாறிய பிறகுதான் புள்ளிவிவரம் தானாகப் புதுப்பிக்கப்படும். ராத்திரி பெரிய அளவில் தரவு ஏற்றிவிட்டு உடனே அறிக்கை ஓட்டினால் அதற்குள் புதுப்பித்திருக்காது. தரவு ஏற்றும் வேலையின் கடைசி வரியாக அனலைஸ் (புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் தனிக் கட்டளை) சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், "இன்டெக்ஸ் இருக்கிறதே, ஏன் பயன்படுத்த மாட்டேன் என்கிறது?" என்ற புலம்பல். (இன்டெக்ஸ் என்பது பதிவுகளை விரைவாகத் தேட, புலத்தின் மதிப்புகளை வரிசைப்படுத்தி வைத்த பட்டியல்.) டேபிள் சின்னதாக இருந்தாலோ, பாதிக்கு மேற்பட்ட பதிவுகளைக் கேட்டாலோ, முழு டேபிளையும் படிப்பதுதான் மலிவு. அங்கே டேட்டாபேஸ் சொல்வதே சரி. அது இல்லாதபோது நான் பார்க்கிற இடங்கள் நான்கு.

முதலாவது, புலத்தின் மேல் ஏதாவது ஃபங்ஷன் உட்கார்ந்திருக்கிறதா? ஆர்டர் தேதியிலிருந்து ஆண்டை மட்டும் பிரித்தெடுத்து "இது 2024-ஆ?" என்று கேட்டால், தேதி மீது இருக்கும் இன்டெக்ஸ் உதவாது. இன்டெக்ஸில் அடுக்கியிருப்பது தேதிகளை. நீங்கள் கேட்பது ஆண்டை. தேதி 2024-01-01-க்குச் சமம் அல்லது மேல், 2025-01-01-க்குக் கீழ் என்று எழுதினால் அதே இன்டெக்ஸ் வேலை செய்யும்.

இரண்டாவது, லைக் தேடலில் விழுக்காட்டுக் குறி (‘இங்கே எந்த எழுத்தும் வரலாம்’ என்று பொருள்) முன்னால் இருக்கிறதா? அகராதியில் ‘கா’ என்று தொடங்கும் சொற்களை நொடியில் எடுக்கலாம், ‘கா’ என்று முடியும் சொற்களுக்கு அகராதி முழுவதையும் புரட்டத்தான் வேண்டும்.

மூன்றாவது, தரவு வகை. இது நயவஞ்சகமானது, ஏனென்றால் விடை சரியாகவே வரும். மைஎஸ்கியூஎல்லில் ஃபோன் எண்ணை எழுத்து வகைப் புலத்தில் வைத்துவிட்டு, மேற்கோள் குறி இல்லாமல் வெறும் எண்ணோடு ஒப்பிட்டால் இன்டெக்ஸ் போய்விடும். ‘1’, ‘01’, ‘1அ’ எல்லாமே எண்ணாக மாறும்போது 1 ஆகிவிடுவதால், அடுக்கி வைத்த எழுத்து வரிசையை நம்பித் தேட முடியாது. ஒரு ஜோடி மேற்கோள் குறி போட்டால் தீர்ந்தது.

நான்காவது, பல புலங்கள் சேர்ந்த இன்டெக்ஸில் புலங்களின் வரிசை. (கிளை, தேதி) என்ற இன்டெக்ஸ் கிளையை வைத்துத் தேட உதவும், கிளையும் தேதியும் சேர்த்துத் தேட இன்னும் நன்றாக உதவும். தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பெரிதாகப் பயன் இல்லை.

இதையெல்லாம் பார்க்காமல் கண்ட புலத்துக்கெல்லாம் இன்டெக்ஸ் போடுகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு இன்சர்ட்டும் ஒவ்வொரு இன்டெக்ஸிலும் எழுத வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். லைவ் (பயனர்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும்) போஸ்ட்கிரெஸில் புதிதாக இன்டெக்ஸ் போடும்போது கன்கரென்ட்லி என்ற சொல்லைச் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் அது முடியும்வரை அந்த டேபிளில் யாரும் எழுத முடியாது.

அறிகுறி: என் கணினியில் பறக்கிறது, லைவில் தவழ்கிறது

உங்கள் கணினியில் 500 பதிவுகள், லைவில் 50 லட்சம். 500 பதிவுகளில் எந்தக் குவெரியும் வேகமாகத்தான் ஓடும். ஆகவே சோதனை டேபிளில் பொய்யான தரவையாவது லைவ் அளவுக்கு நிரப்புங்கள்.

அளவு ஒரு காரணம். இன்னொன்று, ஓஆர்எம் நூலகங்கள் (புரோகிராமில் எழுதுவதைக் குவெரியாக மாற்றித் தருபவை) மறைவாகச் செய்யும் வேலை. 100 ஆர்டர்களைப் பட்டியலிட ஒரு குவெரி, பிறகு ஒவ்வொரு ஆர்டருக்கும் வாடிக்கையாளர் பெயரை எடுக்கத் தனித்தனியாக 100 குவெரி. ஒவ்வொன்றும் 1 மில்லிநொடிதான் என்பதால் ஸ்லோ குவெரி லாகில் (log, மெதுவான குவெரிகளின் பதிவேடு) ஒன்றும் அகப்படாது. லைவில் அப்ளிகேஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் நெட்வொர்க் இருப்பதால் அந்த 101 பயணங்களும் சேர்ந்து உறைக்கும். ஒரு பக்கத்தைத் திறக்க எத்தனை குவெரி போகிறது என்று எண்ணிப் பாருங்கள். பட்டியல் நீளமாக ஆக எண்ணிக்கையும் ஏறினால் ஆள் அகப்பட்டான். (ஸ்லோ குவெரி லாக் பற்றி இன்னொன்று: மைஎஸ்கியூஎல்லில் அதன் இயல்பு வரம்பு 10 நொடி. 9 நொடி ஓடுகிற குவெரி அதில் பதிவாகவே ஆகாது. அந்த வரம்பை 1 நொடிக்காவது குறையுங்கள்.)

முதல் பக்கம் வேகம், ஆயிரமாவது பக்கம் நரகம் என்றால் ஆஃப்செட்தான் (இத்தனை பதிவுகளைத் தாண்டு என்னும் சொல்) காரணம். ஆஃப்செட் 20000 என்றால் 20,000 பதிவுகளைப் படித்துத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த 20-ஐத் தருகிறது. முந்தைய பக்கத்தின் கடைசி ஐடியை நினைவில் வைத்து "இதற்கு மேல் 20" என்று கேளுங்கள்.

அறிகுறி: எல்லாமே உறைந்து நிற்கிறது, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது

இது காத்திருக்கிற வகை. யாரோ ஒருவர் லாக்கைப் பிடித்து வைத்திருக்கிறார், மற்றவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பெரும்பாலும் அந்த ஒருவர் கடுமையாக உழைப்பவர் அல்ல, சும்மா இருப்பவர்! பிகின் போட்டு, அப்டேட் செய்து, கமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதிப்படுத்தாமல்) எழுந்து போனவர். போஸ்ட்கிரெஸில் அவருடைய நிலை ‘ஐடில் இன் ட்ரான்ஸாக்‌ஷன்’ என்று தெரியும். ஒருமுறை முக்கால் மணி நேரம் தேடி அந்த இணைப்பைக் கண்டுபிடித்தேன். எங்கிருந்து வந்த இணைப்பு என்று பார்த்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன் என் டெர்மினலில் நானே திறந்து வைத்தது. அன்றிலிருந்து ஐடில்_இன்_ட்ரான்ஸாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் என்ற கால வரம்பை அமைக்காமல் நான் எந்த போஸ்ட்கிரெஸையும் விடுவதில்லை.

யார் யாரைத் தடுக்கிறார்கள் என்று கேட்க போஸ்ட்கிரெஸில் பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. நிற்கும் பிராசஸின் எண்ணைக் கொடுத்தால் தடுப்பவர்களின் எண்களைத் தரும். மைஎஸ்கியூஎல்லில் சிஸ் ஸ்கீமாவின் இன்னோடிபி_லாக்_வெயிட்ஸ் வியூ. தடுப்பவர்களையும் இன்னொருவர் தடுத்துக்கொண்டிருக்கலாம், அதனால் சங்கிலியின் நுனி வரை போங்கள். நடுவில் இருப்பவரைக் கொன்று பயன் இல்லை.

போஸ்ட்கிரெஸில் பிஜி_கேன்சல்_பேக்எண்ட் ஓடுகிற குவெரியை மட்டும் நிறுத்தும், பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் இணைப்பையே துண்டிக்கும். சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் நிறுத்த குவெரி எதுவும் இல்லை, ஆகவே அவருக்கு இரண்டாவதுதான். ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலிருந்து கில் -9 மட்டும் போட வேண்டாம். ஒரு பிராசஸ் அப்படிச் செத்தால், பகிர்ந்த மெமரி கெட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தில் போஸ்ட்கிரெஸ் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு மீட்பு வேலையில் இறங்கும். ஒருவரை எழுப்பப் போய் ஊரையே எழுப்பிய கதை.

இதில் ஒரு கண்ணி, அனுபவசாலிகளும் விழுவது. ஒரு டேபிளில் நீண்ட செலெக்ட் ஒன்று ஓடுகிறது. அதே டேபிளில் நீங்கள் ஒரு புலம் சேர்க்க ஆல்டர் டேபிள் போடுகிறீர்கள்; ஒரு நொடியில் முடிகிற வேலை. ஆனால் அந்த செலெக்ட் முடியும்வரை ஆல்டருக்கு லாக் கிடைக்காது. அது காத்திருக்கிற நேரத்தில் அதற்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு சாதாரண செலெக்ட்டும் ஆல்டருக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். ஆக, ஒரு நொடி வேலை அப்ளிகேஷனையே நிறுத்திவிடும். ஆல்டருக்கு முன் லாக்_டைம்அவுட்டை 2 நொடி என்று அமைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் தோற்றுப் போகட்டும், பிறகு மறுபடி முயலலாம்.

மைஎஸ்கியூஎல்லில் லாக்குக்காக 50 நொடி காத்திருந்துவிட்டு 1205 என்ற பிழை வரும். இயல்பு அமைப்பில் அந்தப் பிழை கடைசிக் கட்டளையை மட்டுமே திரும்பப் பெறும். ட்ரான்ஸாக்‌ஷன் திறந்தபடியேதான் இருக்கும். பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டு கமிட் செய்கிற புரோகிராம் கோடு, பாதி வேலையைச் சேமித்துவிடும். அப்ளிகேஷனே ரோல்பேக் சொல்ல வேண்டும்.

அறிகுறி: டெட்லாக் என்ற பிழை

மைஎஸ்கியூஎல்லில் 1213, போஸ்ட்கிரெஸில் 40பி01, ஆரக்கிளில் ஓஆர்ஏ-00060. நான் ‘அ’வைப் பிடித்துக்கொண்டு ‘ஆ’வைக் கேட்கிறேன், நீங்கள் ‘ஆ’வைப் பிடித்துக்கொண்டு ‘அ’வைக் கேட்கிறீர்கள். டேட்டாபேஸ் இதைக் கண்டுபிடித்து ஒருவரை வெளியேற்றிவிடும், அது அதன் கடமை. உங்கள் பக்கம் இரண்டு வேலை. எல்லாக் கோடும் பதிவுகளை ஒரே வரிசையில், உதாரணமாக ஐடி ஏறுவரிசையில், தொட வேண்டும். அப்படியும் எப்போதாவது வந்தால் முழு ட்ரான்ஸாக்‌ஷனையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டும், கடைசிக் கட்டளையை மட்டும் அல்ல.

அறிகுறி: இணைப்புகள் நிறைந்துவிட்டன என்று கதவைச் சாத்துகிறது

இயல்பு வரம்பு போஸ்ட்கிரெஸில் 100, மைஎஸ்கியூஎல்லில் 151. எண்ணை 1000 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் ஒரு தனி பிராசஸ், மெமரி தின்னும்.

முதலில் பெருக்கல் கணக்குப் போடுங்கள்: அப்ளிகேஷன் 10 நகல்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றின் பூலிலும் (தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) 20 இணைப்புகள் என்றால் 200. யாரும் தவறு செய்யாமலே வரம்பைத் தாண்டிவிட்டது. பூலைக் குறையுங்கள், அல்லது நடுவில் பிஜிபவுன்ஸர் போன்ற இணைப்புகளைப் பங்கிடும் மென்பொருள் ஒன்றை வையுங்கள். கணக்கு சரியாக இருந்தும் எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் கோடில் எங்கேயோ இணைப்பைத் திருப்பிக் கொடுக்காமல் விடுகிறார்கள். பெரும்பாலும் பிழை வந்து பாதியில் வெளியேறுகிற வழியில் இருக்கும்.

நீங்களே உள்ளே போக முடியாத நிலை வரக்கூடாது என்பதற்காக போஸ்ட்கிரெஸ் சூப்பர்யூசருக்கு 3 இடங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. அப்ளிகேஷனையே சூப்பர்யூசராக ஓட்டினால் அந்த 3-ஐயும் அதுவே தின்றுவிடும்.

அறிகுறி: பிழையே வரவில்லை, ஆனால் விடை தவறு

எனக்குப் பயம் இதில்தான். நின்றுபோன டேட்டாபேஸ் யாரையும் ஏமாற்றாது. தவறான கூட்டுத்தொகை மாதக்கணக்கில் அறிக்கைகளில் உலவிக்கொண்டிருக்கும்.

கூட்டுத்தொகை பெருகிவிட்டதா? ஜாயினை, அதாவது டேபிள்களை இணைக்கும் பகுதியை, பாருங்கள். ஓர் ஆர்டரில் 3 பொருள்கள், அதற்கு 2 தவணைகளாகப் பணம் கட்டியிருக்கிறார்கள். ஆர்டரோடு பொருள்களையும் தவணைகளையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்தால் 6 பதிவுகள் வரும். கட்டிய பணம் மும்மடங்காகவும், பொருள்களின் விலை இருமடங்காகவும் கூடும். இதைப் பார்த்ததும் டிஸ்டிங்க்ட் (ஒன்றுபோன்றவற்றில் ஒன்றை மட்டும் வைக்கும் சொல்) போடத் தோன்றும். வேண்டாம், இரண்டு தவணையும் ஒரே தொகையாக இருந்தால் டிஸ்டிங்க்ட் ஒன்றை விழுங்கிவிடும். தவணைகளைத் தனியாக ஆர்டர்வாரியாகக் கூட்டி, பொருள்களையும் தனியாகக் கூட்டி, பிறகு ஜாயின் செய்யுங்கள். செலெக்ட்டுக்குப் பக்கத்தில் காரணம் சொல்லாமல் ஒரு டிஸ்டிங்க்ட் இருப்பதைப் பார்த்தாலே எனக்கு சந்தேகம் வந்துவிடும்.

ஒரு பதிவும் வரவில்லையா? நாட் இன் இருக்கிறதா என்று தேடுங்கள். "ஆர்டர் டேபிளில் இல்லாத வாடிக்கையாளர்கள்" என்று கேட்கிறீர்கள். ஆர்டர் டேபிளில் ஒரே ஒரு பதிவில் வாடிக்கையாளர் ஐடி ‘நல்’ ஆக இருக்கிறது. அவ்வளவுதான், விடை காலி. ‘நல்’ என்றால் மதிப்பு தெரியாது என்று பொருள். 5 என்பது அந்தத் தெரியாத ஒன்றிலிருந்து வேறுபட்டதா என்று கேட்டால் டேட்டாபேஸ் "தெரியாது" என்கிறது. வேர் பகுதியில் (where, நிபந்தனை எழுதும் இடம்) தெரியாது என்றால் இல்லை என்பதற்குச் சமம். நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதினால் இந்தத் தொல்லை கிடையாது. ஆரக்கிளில் வெற்றுச் சரமும் ‘நல்’லாகவே கொள்ளப்படும் என்பதால் அங்கே இருந்து வேறு டேட்டாபேஸுக்கு மாறுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

லெஃப்ட் ஜாயின் (இடப்பக்க டேபிளின் எல்லாப் பதிவுகளையும் வைத்துக்கொள்ளும் ஜாயின்) போட்டும் ஆர்டர் இல்லாத வாடிக்கையாளர்கள் காணாமல் போகிறார்களா? வலப்பக்க டேபிளின் புலத்தை வேர் பகுதியில் சோதித்திருப்பீர்கள். ஆர்டர் இல்லாதவருக்கு அந்தப் புலம் ‘நல்’, சோதனையில் தோற்றுவிடும். அந்த நிபந்தனையை ஜாயினின் ஆன் பகுதிக்கு நகர்த்துங்கள்.

மாதத்தின் கடைசி நாள் விற்பனை குறைகிறதா? நேரமும் சேர்ந்த புலத்தில் ஜனவரி 1 முதல் 31 வரை என்று பிட்வீன் போட்டால், 31-ஆம் தேதி நள்ளிரவு 00:00 மணியோடு நின்றுவிடும். பிப்ரவரி 1-க்குக் கீழ் என்று எழுதுங்கள். பைசாக் கணக்கு இடறினால் புலத்தின் வகையைப் பாருங்கள். ஃப்ளோட்டில் 0.1-உம் 0.2-உம் கூட்டினால் 0.30000000000000004. பணத்துக்கு நியூமெரிக் அல்லது டெசிமல்தான்.

அறிகுறி: தமிழ் எழுத்து கேள்விக்குறியாகிறது, அல்லது கண்ணுக்குத் தெரிவது தேடலில் கிடைக்கவில்லை

கேள்விக்குறியாகச் சேமிக்கப்பட்டுவிட்டால் மூல எழுத்து போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. எஸ்கியூஎல் சர்வரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். புலம் என்வார்சார் (யுனிகோட் எழுத்து) வகை அல்ல, அல்லது மேற்கோளுக்கு முன் ‘என்’ எழுத்தைப் போட மறந்துவிட்டீர்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘யுடிஎஃப்8’ என்ற பெயரை நம்பாதீர்கள். அது எழுத்துக்கு 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் எழுத்துக்கு 3 பைட் போதும் என்பதால் சோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். யாரோ ஒருவர் ஒரு இமோஜியைத் தட்டும் நாளில் உடையும், அதற்கு 4 பைட் வேண்டும். யுடிஎஃப்8எம்பி4 பயன்படுத்துங்கள்.

தேடலில் கிடைக்காதது வேறு கதை. ‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம்: ககரத்தோடு ஒற்றைக் குறியாக ‘ொ’, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை ஒப்பிடுகிற டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும். போஸ்ட்கிரெஸில் 13-ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் என்ற ஃபங்ஷனே உண்டு. ஆனால் ‘கௌ’வின் கடைசிக் குறிக்குப் பதிலாக ‘ள’ எழுத்தைத் தட்டியவர்களின் தரவை அந்த ஃபங்ஷனும் காப்பாற்றாது, அதைத் தனியாகத் தேடித்தான் திருத்த வேண்டும்.

அறிகுறி: தரவை இறக்குமதி செய்த பிறகு டூப்ளிகேட் கீ பிழை

ஐடிகளோடு சேர்த்து ஏற்றினீர்கள், அடுத்த ஐடியைத் தரும் சீக்வென்ஸ் மட்டும் பழைய எண்ணில் நிற்கிறது. போஸ்ட்கிரெஸில் செட்வால் மூலம் டேபிளின் அதிகபட்ச ஐடிக்கு நகர்த்துங்கள். நடுவில் சில ஐடிகள் விடுபட்டிருந்தால் அது பிழை அல்ல. ரோல்பேக் ஆன இன்சர்ட் எடுத்த எண் திரும்ப வராது. ஐடி இன்ட் வகை என்றால் 2,14,74,83,647-இல் நின்றுவிடும் என்பதையும் இந்த நேரத்திலேயே பார்த்து வையுங்கள்.

அறிகுறி: டிஸ்க் நிறைந்துவிட்டது

பதிவுகளை டெலீட் செய்தால் இடம் உடனே திரும்பி வராது. போஸ்ட்கிரெஸில் வேக்யூம் என்ற துப்புரவு வேலை அந்த இடத்தை அதே டேபிளின் புதிய பதிவுகளுக்கு ஒதுக்கும், ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் பெரும்பாலும் கொடுக்காது. வேக்யூம் ஃபுல் கொடுக்கும். ஆனால் டேபிளை முழுதாகப் பூட்டிக்கொண்டு புதிய நகல் எழுதுவதால் அதற்கே இடம் வேண்டும்.

இடம் வேண்டுமென்று பிஜி_வால் கோப்புறையைக் கையால் தொடாதீர்கள், ஒவ்வொரு மாற்றமும் முதலில் எழுதப்படும் இடம் அது. முன்பு அதன் பெயர் பிஜி_எக்ஸ்லாக். பெயரில் ‘லாக்’ என்று இருக்கிறதே, ஏதோ பழைய குறிப்புகள்தான் என்று நினைத்து அழித்து டேபிளையும் தரவையும் பறிகொடுத்தவர்கள் இருந்ததால்தான் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே மாற்றினார்கள். அது ஊதிப் பெருத்திருந்தால், யாரும் படிக்காமல் கைவிட்ட ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வர் படிப்பதற்காகக் கோப்புகளைப் பிடித்து வைக்கும் குறிப்பு) ஏதாவது பிடித்து வைத்திருக்கிறதா என்று பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவில் பாருங்கள். அந்த ஸ்லாட் இனித் தேவையில்லை என்று உறுதியானால் அதை நீக்குங்கள், அடுத்த செக்பாயிண்ட்டில் கோப்புகளை டேட்டாபேஸே அகற்றும்.

அறிகுறி: வேர் போடாமல் டெலீட் அடித்துவிட்டேன்

கையை எடுங்கள். ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் இருந்தால் ரோல்பேக், கதை முடிந்தது. கமிட் ஆகிவிட்டதென்றால் முதலில் அப்ளிகேஷன் எழுதுவதை நிறுத்துங்கள், சரியான நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆரக்கிளில் ஃப்ளாஷ்பேக் குவெரி மூலம் சற்று முன்பிருந்த நிலையைப் பார்க்க முடியலாம், ஆனால் தாமதிக்காமல் பார்க்க வேண்டும். மற்றவற்றில் பேக்கப்பிலிருந்து, தவறு நடந்த நிமிடத்துக்கு முந்தைய நிலை வரை மீட்க வேண்டியதுதான். மீட்பதை லைவ் மேலேயே செய்யாதீர்கள். வேறொரு சர்வரில் மீட்டெடுத்து, இழந்த டேபிளை மட்டும் அங்கிருந்து கொண்டுவாருங்கள். இல்லையென்றால் தவறுக்குப் பிறகு மற்ற டேபிள்களில் சேர்ந்த புதிய தரவும் சேர்ந்து போகும்.

அடுத்த முறைக்கு: கையால் ஓட்டுகிற எந்த அப்டேட்டையும் முதலில் அதே வேர் பகுதியோடு செலெக்ட் கவுன்ட்டாக ஓட்டுங்கள். பிறகு பிகின், அப்டேட். எத்தனை பதிவுகள் மாறின என்று அது சொல்லும் எண் கவுன்ட்டோடு ஒத்துப்போனால் மட்டும் கமிட். மைஎஸ்கியூஎல்லிலும் ஆரக்கிளிலும் ட்ராப் டேபிள், ஆல்டர் டேபிள் போன்றவை தாமாகவே கமிட் செய்துவிடும், அங்கே பிகின் காப்பாற்றாது. மைஎஸ்கியூஎல் கிளையண்ட்டில் சேஃப்-அப்டேட்ஸ் என்ற தேர்வைப் போட்டால் கீ புலத்தில் நிபந்தனையோ லிமிட்டோ இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் மறுத்துவிடும். அதே தேர்வுக்கு ‘ஐ-ஆம்-எ-டம்மி’ என்று இன்னொரு பெயரும் அதிகாரபூர்வமாகவே உண்டு. நான் அதைத்தான் போட்டு வைத்திருக்கிறேன்.